தேங்காய்த் தொட்டிக்கரிக்குள் மீத்தேன்: உள்ளே போவது எவ்வளவு, திரும்ப வருவது எவ்வளவு?

#1 தொழுவம்_தாராபுரம்

எல்லோருக்கும் வணக்கம். தாராபுரம் பக்கத்தில் 12 மாடுகள் வைத்திருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் 4 கனமீட்டர் சாண எரிவாயுக் கலன் இருக்கிறது. சமையலுக்குப் பாதிதான் செலவாகிறது. மீதி, அதுவும் வெயில் காலத்தில், டிரம்மின் ஓரத்தில் குமிழி விட்டுக்கொண்டு வெளியே போகிறது. தினமும் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை.

காங்கயம் எங்களுக்குப் பக்கம். அங்கே தேங்காய்த் தொட்டியை (கொட்டாங்குச்சியை) சுட்டுக் கரியாக்கி, அதிலிருந்து ஆக்டிவேட்டட் கார்பன் என்ற நுண்துளைக் கரி செய்து கப்பலேற்றுகிறார்கள். அமெரிக்காவில் மக்காச்சோளக் கதிர்த் தண்டைக் கரியாக்கி, அதற்குள் இயற்கை எரிவாயுவை அடைத்து ஒரு பிக்கப் வண்டி ஓட்டினார்கள் என்று படித்தேன். கரி இருந்தால் ஏழில் ஒரு பங்கு அழுத்தமே போதுமாம்.

என் கேள்வி இதுதான். சாண வாயுவிலும் மீத்தேன்தானே இருக்கிறது? ஒரு பழைய சிலிண்டரில் தொட்டிக்கரியை நிரப்பி, மிஞ்சும் வாயுவை அதில் ஏற்றி வைத்தால் இரவு மோட்டாருக்கோ பக்கத்து வீட்டு அடுப்புக்கோ ஆகுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 நாலுகட்ட_கம்ப்ரசர்

அண்ணா, மற்றதெல்லாம் அப்புறம். பழைய எல்பிஜி சிலிண்டரில் எதையும் ஏற்றாதீர்கள். காற்றடிக்கும் கம்ப்ரசரில் சாண வாயுவை இழுக்காதீர்கள். நான் கோவையில் சிஎன்ஜி நிலையத்தில் வேலை பார்க்கிறேன். காற்றுக் கம்ப்ரசரின் சீல் எரிவாயுவைத் தாங்குவதற்குச் செய்ததல்ல. எங்காவது காற்று உள்ளே இழுபட்டால், மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்த காற்று ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். போதாததற்கு உங்கள் வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறது, ஈரம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் இரும்பை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே சுவர் மெலிந்துகொண்டே வரும்.

வண்டியில் இருக்கும் சிஎன்ஜி சிலிண்டருக்கே 3 ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை உண்டு. அதை யாரோ காரணமில்லாமல் வைக்கவில்லை. காணொளியில் யாராவது செய்து காட்டினாலும் நீங்கள் செய்யாதீர்கள்.

#3 தொழுவம்_தாராபுரம்

சரி தம்பி, சிலிண்டரை விட்டுவிடுகிறேன். ஆனால் கரி விஷயம் உண்மையா இல்லையா என்பதையாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

#4 நுண்துளை

உண்மைதான் ஐயா. வேதிப்பொறியியலில் பரப்புக்கவர்ச்சி என்ற இந்தத் துறையில்தான் என் ஆய்வு. மீத்தேனைக் கரியில் ஏற்றி இறக்கி அளப்பதே பல வருடமாக என் அன்றாட வேலை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் படித்த செய்தி 2007ஆம் ஆண்டினுடையது. மிசூரி பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபைஃபர் தலைமையில் இயற்பியலாளர்கள் மக்காச்சோளக் கதிர்த் தண்டிலிருந்து நுண்துளைக் கரி செய்து, அதைக் கட்டிகளாக அழுத்தினார்கள். கட்டியின் கொள்ளளவைப் போல 180 மடங்கு இயற்கை எரிவாயு அதில் நின்றது என்று அறிவித்தார்கள். அழுத்தம் சுமார் 35 பார், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல 35 மடங்கு. வழக்கமான எரிவாயுத் தொட்டிக்கு அங்கே 250 பார் வேண்டும், ஆகவே ஏழில் ஒரு பங்கு. கன்சாஸ் சிட்டி நகராட்சியின் எரிவாயு வண்டிகளில் ஒரு பிக்கப்பில் அந்தத் தொட்டியை வைத்து ஓட்டியும் பார்த்தார்கள்.

இது எப்படி நடக்கிறது? கரிக்குள் இருக்கும் துளைகள் நம் கண்ணுக்குத் தெரியும் ஓட்டைகள் அல்ல. மீத்தேன் மூலக்கூறின் குறுக்களவு 0.38 நானோமீட்டர். நல்ல கரியில் 1 நானோமீட்டர் அகலமுள்ள பிளவுகள் கோடிக்கணக்கில் இருக்கும். அப்படி ஒரு பிளவுக்குள் மூலக்கூறு நுழைந்தால் இரண்டு பக்கச் சுவரும் அதை இழுக்கும். தனித்தனியே பறந்துகொண்டிருந்தவை சுவரோடு ஒட்டி, கிட்டத்தட்ட திரவம்போல நெருங்கி நிற்கும். வேதிப்பிணைப்பு எதுவும் ஏற்படுவதில்லை. அழுத்தத்தைக் குறைத்தால் வந்த வழியே திரும்பும்.

பரப்பு எவ்வளவு என்று நம் கணக்கில் சொல்கிறேன். சாதாரணத் தொட்டிக்கரி ஒரு கிராமில் சுமார் 1,000 சதுர மீட்டர் உட்பரப்பு இருக்கும். அதாவது கிட்டத்தட்ட 25 சென்ட். 4 கிராம் கரியில் ஒரு ஏக்கர்.

35 பாரில் வெறும் தொட்டி தன்னைப்போல 37 மடங்கு மீத்தேன் பிடிக்கும். அதே அழுத்தத்தில் நல்ல கரி நிரப்பிய தொட்டி 150 மடங்குகூடப் பிடிக்கும். இது வரைக்கும் நல்ல செய்தி.

#5 இரண்டாமாண்டு_வேதியியல்

அக்கா, ஒரு சந்தேகம். எல்பிஜியை வெறும் அழுத்தத்திலேயே திரவமாக்கிச் சிலிண்டரில் அடைக்கிறார்கள். மீத்தேனையும் அப்படியே செய்துவிட்டால் கரி எதற்கு?

#6 நுண்துளை

செய்ய முடியாதம்மா. ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு மாறுநிலை வெப்பநிலை உண்டு. அதற்கு மேலே எத்தனை அழுத்தினாலும் அது திரவமாகாது. புரோப்பேனுக்கு அது 97 டிகிரி, பியூட்டேனுக்கு 152 டிகிரி. நம் ஊர் வெயில் அதற்கெல்லாம் ரொம்பக் கீழே, அதனால் சில பார் அழுத்தத்திலேயே திரவமாகிவிடுகின்றன. மீத்தேனுக்கு மைனஸ் 82.6 டிகிரி. காங்கயத்தில் மார்கழியில்கூட நடக்காது.

ஆகவே மீத்தேனுக்கு இருந்த வழி இரண்டு. ஒன்று, மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்து எல்என்ஜி ஆக்குவது. கொள்ளளவு 600இல் ஒரு பங்காகிவிடும், ஆனால் குளிரைக் காக்க வேண்டும். இன்னொன்று 200, 250 பாருக்கு அமுக்கி சிஎன்ஜி ஆக்குவது. கரி மூன்றாவது வழி. சுவரின் இழுப்பைக் கொண்டு நெருக்குவது.

#7 சிலாபம்_தென்னை

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் சிரட்டைக் கரி என்போம், கார்பனைக் காபன் என்போம், மற்றபடி ஒரே பொருள்தான். குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களைத் தென்னை முக்கோணம் என்று சொல்வார்கள். அங்கே சிரட்டை சுடாத ஊர் குறைவு. உலகின் பெரிய சிரட்டைக் காபன் உற்பத்தியாளர்களில் ஒன்றான ஹேகார்ப் எங்கள் நாட்டு நிறுவனம். தண்ணீர் வடிகட்டவும், தங்கச் சுரங்கத்தில் கரைசலிலிருந்து தங்கத்தைப் பிடிக்கவும் எங்கள் காபன் போகிறது.

2022இல் சமையல் வாயுவுக்கு நாங்கள் நின்ற வரிசையை மறக்க முடியாது. வெற்றுச் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி வைத்துவிட்டு இரவெல்லாம் வீதியில் இருந்தோம். அந்த நாட்களில் நானும் இதே கேள்வியைத்தான் நினைத்தேன். மாடு இருக்கிறது, சிரட்டை இருக்கிறது, இரண்டையும் சேர்த்தால் என்ன என்று. ஆகவே இந்த இழை எனக்கும் சொந்தக் கேள்வி. அக்கா, நல்ல செய்தி இது வரைக்கும் என்றீர்களே, அதற்குப் பிறகு என்ன?

#8 நுண்துளை

பிறகு வருவதுதான் முக்கியம். மூன்று விஷயம் சொல்ல வேண்டும், முதலாவதுதான் பலரும் தவறவிடுவது.

தொட்டிக்குள் எவ்வளவு நின்றது என்று செய்தியில் எழுதுகிறார்கள். திறந்தால் எவ்வளவு வந்தது என்று எழுதுவதில்லை. அடுப்புக்கோ எஞ்சினுக்கோ வாயு போக வேண்டுமானால் தொட்டியில் வெளிக்காற்றை விடக் கொஞ்சமாவது அழுத்தம் மிச்சமிருக்க வேண்டும். அந்த 1 பார் அழுத்தத்திலேயே கரி ஒரு பகுதி மீத்தேனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அது உங்கள் கையில் வராது. சாதாரணத் தொட்டிக்கரியை என் கையால் அளந்த அளவில், ஒரு லிட்டர் கரிக்குச் சுமார் 12 லிட்டர் மீத்தேன் இப்படி உள்ளேயே தங்கும்.

துளையை இன்னும் சின்னதாக்கினால் இழுப்பு கூடும், நிறையப் பிடிக்கும். ஆனால் விடாது. பெரிதாக்கினால் விடும், ஆனால் பிடிக்காது. 2006இல் பாட்டியா, மையர்ஸ் என்ற ஆய்வாளர்கள் இதைக் கணக்குப் போட்டார்கள். சாதாரண வெப்பநிலையில் 30 பாரில் ஏற்றி 1.5 பாரில் இறக்க வேண்டுமானால், ஒட்டும் வெப்பம், அதாவது வாயு கரியில் ஒட்டும்போது வெளியாகும் சூடு, மோலுக்குச் சுமார் 19 கிலோஜூல் இருப்பதுதான் நல்லது. கரியில் அது 16ஐ ஒட்டி இருக்கிறது. பரவாயில்லை என்று சொல்லும் இடத்தில்தான் கரி நிற்கிறது.

இரண்டாவது வெப்பம். வாயு ஒட்டும்போது சூடு வெளியாகும். ஒரு லிட்டர் தொட்டியில் அரை கிலோ கரி, 35 பாரில் அதில் 2.4 மோல் ஒட்டுகிறது என்று வையுங்கள். சுமார் 40 கிலோஜூல் வெளிவரும். அரை கிலோ கரி ஒரு டிகிரி சூடாக அரை கிலோஜூல்கூடத் தேவையில்லை. சூடு எங்கும் போகாமல் நின்றால் 80, 90 டிகிரி ஏற வேண்டும். அவ்வளவு ஏறாது, ஏனென்றால் சூடான கரி மேற்கொண்டு வாயுவைச் சேர்க்காது. அதுதான் சிக்கலே. வேகமாக நிரப்பினால் அழுத்தமானி 35 காட்டும், தொட்டி நிறைந்திருக்காது. இறக்கும்போது இதற்கு நேர்மாறு. கரி குளிர்ந்து, வர வேண்டிய வாயுவையும் பிடித்துக்கொள்ளும். பிக்கப்பில் என்றால் எஞ்சின் சூட்டைத் தொட்டிக்குக் கொடுத்துச் சமாளிக்கலாம்.

மூன்றாவதை நாளை எழுதுகிறேன். ஆய்வகத்தைப் பூட்டும் நேரம்.

#9 தொட்டிக்கரி_18வருடம்

நான் காங்கயம் பகுதியில் கார்பன் ஆலையில் 18 வருடமாக இருக்கிறேன். மேடம் சொன்ன 25 சென்ட் கணக்கை எங்கள் கில்ன் (சூளை) ஆட்களிடம் படித்துக் காட்டினேன். இத்தனை வருடம் கையாண்ட பொருளுக்குள் இவ்வளவு இடம் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1 டன் தொட்டியைச் சுட்டால் 300 கிலோ கரி தேறும். அந்தக் கரியை உடைத்துச் சலித்து, சுழலும் கில்னில் 900 டிகிரியை ஒட்டி ஸ்டீம் விடுவோம். நீராவி கரியைத் தின்று துளை போடும். 3 டன் கரி போட்டால் 1 டன் கார்பன். ஆக 10 டன் தொட்டி 1 டன் சரக்காகிறது. தரத்தை அயோடின் நம்பர் (ஒரு கிராம் கார்பன் எத்தனை மில்லிகிராம் அயோடினைப் பிடிக்கும் என்பது), அடர்த்தி, ஹார்ட்னெஸ் என்று பார்ப்போம். மெஷ் (குருணையின் சல்லடை அளவு) பார்த்து மூட்டை போடுவோம்.

என் கேள்வி. வழக்கமாக 1000 அயோடின் சரக்கு போகிறது. கில்னில் இன்னும் நேரம் விட்டு 1300, 1400க்கு ஏற்றினால் மீத்தேன் கூடப் பிடிக்குமா? அப்படியானால் எங்களால் செய்து தர முடியும்.

#10 நுண்துளை

அண்ணா, நீங்கள் கேட்டதுதான் நான் சொல்ல வந்த மூன்றாவது விஷயம். 1400க்கு ஏற்றிய சரக்கின் அடர்த்தி என்ன வரும்?

#11 தொட்டிக்கரி_18வருடம்

1000 அயோடினில் லிட்டருக்கு 0.50 கிலோ வரும். 1400க்குப் போனால் 0.40 பக்கம் இறங்கிவிடும். கையில் எடுத்தாலே லேசாக இருக்கும்.

#12 நுண்துளை

அதேதான். கிராமுக்குப் பரப்பு கூடுகிறது, ஆனால் லிட்டருக்கு கிராம் குறைகிறது. தொட்டியின் அளவு லிட்டரில்தான் இருக்கிறது. நீராவி துளை போட்டுக்கொண்டே போய், ஒரு கட்டத்துக்கு மேல் இரண்டு துளைக்கு நடுவில் இருக்கும் சுவரையே தின்றுவிடும். துளை அகலமாகும், இழுப்பு குறையும்.

1 லிட்டர் டப்பாவில் உங்கள் 1000 அயோடின் குருணையை நிரப்பினால் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கார்பன் சுவர் மட்டும் கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மீத்தேனை நெருக்கும் நுண்துளை கால் லிட்டர். மீதி அரை லிட்டர் குருணைக்கும் குருணைக்கும் நடுவில் இருக்கும் சந்து, பெரிய துளைகள். அங்கே மீத்தேன் வெறும் தொட்டியில் இருப்பதுபோலத்தான் இருக்கும். அதாவது வேலை செய்வது நாலில் ஒரு பங்கு இடம்.

1992இல் மட்ராங்கா, மையர்ஸ், கிளான்ட் என்ற மூவர் கணினியில் கணக்கிட்டார்கள். சந்தே இல்லாமல் ஒரே கட்டியாக, இரண்டு அடுக்கு மீத்தேன் நிற்கும் அளவுக்குச் சரியாகப் பிளவுபட்ட கரி இருந்தால், 34 பாரை ஒட்டி 209 மடங்கு வரை பிடிக்கும். குருணையாகக் கொட்டினால் அதுவே 146. ஒரே கரி, சந்து மட்டும் அத்தனையைத் தின்கிறது.

அதனால்தான் மிசூரியில் கட்டியாக அழுத்தினார்கள். அதிலும் ஒரு சங்கடம், கட்டி பிடிக்கச் சேர்க்கும் பசை துளைவாயை அடைக்கும்.

#13 தொட்டிக்கரி_18வருடம்

இரண்டு மெஷ் கலந்தால் சந்து குறையுமே மேடம். பெரிய குருணைக்கு நடுவில் பொடிக் குருணை இறங்கிவிடும். ஃபில்டர் போடும்போது தண்ணீர் போக வழியில்லை என்று அதைத் தவிர்ப்போம். இங்கே அதுதானே வேண்டும்?

#14 நுண்துளை

நிச்சயம். அதுவே பசையில்லாத வழி. தேங்காய்த் தொட்டிக்கு இங்கே ஒரு அனுகூலமும் இருக்கிறது. மரத்தூள் கரியை விட இது கெட்டி, சாம்பல் குறைவு, நுண்துளை அதிகம். பிரேசிலில் தென்னை நிறைந்த சியரா மாநிலத்தில் ஆய்வாளர்கள் தேங்காய் ஓட்டுக் கரியை இதற்கென்றே துத்தநாக குளோரைடு போட்டுச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

கிராமுக்கு 2,500, 3,000 சதுர மீட்டர் வரை போக வேண்டுமானால் நீராவி போதாது, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும். கரியின் எடையைப் போல மூன்று நான்கு மடங்கு காரம். அது உலைச் சுவரை அரிக்கும், பொட்டாசியம் ஆவியாக வரும், முடிந்ததும் கழுவித் தள்ள அத்தனை தண்ணீர். உங்கள் கில்னில் இதை முயற்சி செய்யாதீர்கள்.

#15 தொழுவம்_தாராபுரம்

கழுவும் தண்ணீர் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எங்கள் உறவினர் ஊரில் தொட்டி சுடும் இடம் ஒன்றில் கரியை அணைத்த தண்ணீரை நிலத்திலேயே விட்டார்கள். கிணற்று நீர் நிறம் மாறிப்போய், மாடு குடிக்க மறுத்தது. கரித் தொழிலால் எங்கள் பகுதி பிழைக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் புதிதாக ஒரு காரத்தை அங்கே கொண்டுவர வேண்டுமானால் தண்ணீருக்கு முதலில் வழி செய்ய வேண்டும்.

#16 தொட்டிக்கரி_18வருடம்

ஐயா சொல்வது நியாயம். குழியில் சுட்டுத் தண்ணீர் ஊற்றி அணைப்பதுதான் அதற்குக் காரணம். காற்று புகாமல் மூடியே ஆறவிடலாம், நேரம்தான் பிடிக்கும். செய்ய முடியாத காரியம் இல்லை.

அப்புறம், கார்பன் தொட்டிக்குள் இறங்குகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். ஈரமான கார்பன் மூடிய தொட்டிக்குள் இருக்கும் ஆக்சிஜனை இழுத்துவிடும். உள்ளே வாடை இருக்காது, புகை இருக்காது, இறங்கின ஆள் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். காற்றுச் சோதனை செய்யாமல் தலையைக்கூட உள்ளே விடாதீர்கள்.

#17 நாலுகட்ட_கம்ப்ரசர்

நான் தொழில்பக்கம் இருந்து ஒரு கணக்கு வைக்கிறேன். நம் ஊர் 200 பாரோடு பார்த்தால் அழுத்தம் ஆறில் ஒரு பங்கு என்றதும் கரன்ட் செலவும் ஆறில் ஒரு பங்கு என்று நினைத்துவிடக் கூடாது. அமுக்கும் வேலை மடக்கையில் ஏறும். 1 பாரிலிருந்து 200க்கு ஏற்ற, இழப்பே இல்லாத கணக்கில் மோலுக்குச் சுமார் 13 கிலோஜூல். 35க்கு ஏற்ற 9க்குச் சற்றுக் குறைவு. மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். அந்த மோலை எரித்தால் வருவது 800 கிலோஜூல். ஆகவே கரன்ட் மிச்சம் என்பது பெரிய விஷயமே இல்லை.

மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. 200 பாருக்கு நாலு கட்டக் கம்ப்ரசர் வேண்டும், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கூலர். 35 பாருக்கு இரண்டு கட்டம் போதும். தொட்டிச் சுவரும் அழுத்தத்துக்கு ஏற்றபடி மெலிதாகலாம். உருண்டையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, வண்டியின் அடியில் தட்டையாகக்கூட வைக்கலாம்.

ஆனால் தூரம்? நம் ஊர் காரில் 60 லிட்டர் சிஎன்ஜி சிலிண்டரில் 9 கிலோவுக்குக் கொஞ்சம் கம்மியாக ஏறுகிறது. அதே இடத்தில் கரித் தொட்டி வைத்து, லிட்டருக்கு 100 லிட்டர் திரும்ப வந்தாலும் 4 கிலோதான். டிக்கியை ஏற்கெனவே சிலிண்டர் அடைத்துக்கொள்கிறது என்று புலம்புகிறவர்கள் பாதி தூரத்துக்கு ஒப்புக்கொள்வார்களா? 2007இல் ஓடிய வண்டி இன்று எல்லோர் வீட்டு வாசலிலும் நிற்காததற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன்.

#18 நுண்துளை

சரியான கணக்கு தம்பி. அதனால்தான் பிறகு வந்தவர்கள் அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினார்கள். அமெரிக்காவில் இன்ஜெவிட்டி நிறுவனம் கரிக் கட்டிகள் வைத்த தொட்டியை 900 பிஎஸ்ஐயில், அதாவது 62 பாரில், ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பில் வைத்தது. ரொம்ப ஏற்றினாலும் பயனில்லை. 200 பாரில் வெறும் தொட்டியே 220 மடங்கு பிடிக்கும். அங்கே கரி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான்.

#19 இரண்டாமாண்டு_வேதியியல்

2025 வேதியியல் நோபல் பரிசு கிடகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் உலோக-கரிமச் சட்டகங்களுக்காகத்தானே? அதில் கரியை விடக் கூடப் பிடிக்கும் என்று வகுப்பில் சொன்னார்கள்.

#20 நுண்துளை

ஆமாம்மா, எம்ஓஎஃப் என்பார்கள். கரியில் துளை கில்ன் கொடுத்தபடி வரும். இவற்றில் உலோகத்தையும் கரிம மூலக்கூறையும் தேர்ந்தெடுத்து, நாம் நினைத்த அளவில் துளை கட்டலாம். கிடகாவா குழு 1997லேயே அப்படி ஒரு சட்டகத்தில் மீத்தேனை ஏற்றிக் காட்டினார்கள். எச்கேயுஎஸ்டி-1 என்ற தாமிரச் சட்டகம் 65 பாரில் 267 மடங்கு பிடிக்கும் என்று 2013இல் அளந்தார்கள். அமெரிக்க எரிசக்தித் துறை 2012இல் வைத்த இலக்கு 263, அதாவது 250 பார் சிஎன்ஜிக்குச் சமம்.

ஆனால் அந்த 267 என்பது படிகத்தின் அடர்த்தியை வைத்துப் போட்ட கணக்கு. உண்மையில் பொடியாகத்தான் வரும். அழுத்திக் கட்டியாக்கினால் சட்டகம் நொறுங்கும். கரிக் குருணையில் பார்த்த அதே சந்துப் பிரச்சினை இங்கேயும் வந்து நிற்கிறது. 2018இல் கேம்பிரிட்ஜில் அதை நொறுக்காமல் ஒரே கட்டியாக வளர்த்து 259 எடுத்தார்கள். அந்தக் கட்டுரையைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

விலை என்று வரும்போது தொட்டிக்கரியை நெருங்கும் சட்டகம் எதையும் நான் பார்த்ததில்லை. அதனால்தான் நான் இன்னும் கரியோடு இருக்கிறேன்.

#21 தொழுவம்_தாராபுரம்

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். கடைசியாக என் 12 மாட்டுக் கணக்குக்கு ஒரு பதில் சொல்லிவிடுங்கள் அம்மா. மிஞ்சுவது தினம் 2 கனமீட்டர்.

#22 நுண்துளை

போட்டுப் பார்ப்போம் ஐயா. 2 கனமீட்டர் சாண வாயுவில் 60 சதவீதம் மீத்தேன் என்றால் 1,200 லிட்டர். எல்பிஜி கணக்கில் சுமார் 850 கிராம். 16, 17 நாளுக்கு ஒரு 14.2 கிலோ சிலிண்டர் மிச்சம்.

10 பார் என்ற எளிய அழுத்தத்தை எடுத்துக்கொள்வோம். சாதாரணத் தொட்டிக்கரி அங்கே தோராயமாக 40 மடங்கு பிடிக்கும், 30 மடங்கு திரும்பத் தரும். ஒரு நாள் மிச்சத்துக்கு 40 லிட்டர் தொட்டியும் 20 கிலோ கரியும் போதும். கரி இல்லாமல் அதே அழுத்தத்தில் 130 லிட்டர் தொட்டி வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்தத் தொட்டிக்குள் போவது சுத்தமான மீத்தேனாக இருக்க வேண்டும். உங்கள் வாயுவில் 40 சதவீதம் வரை கார்பன் டை ஆக்சைடு. கரிக்கு மீத்தேனை விட அதன் மேல்தான் இழுப்பு அதிகம். ஈரமும் சல்பைடும் போய் உட்கார்ந்தால் வெறும் அழுத்தத்தைக் குறைத்து விரட்ட முடியாது. குழாய் வழி வரும் இயற்கை எரிவாயுவிலேயே கொஞ்சமாக இருக்கும் கனமான ஹைட்ரோகார்பன்கள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கி, தொட்டியின் கொள்ளளவைக் குறைக்கின்றன. கசிவு தெரியட்டும் என்று சேர்க்கும் வாடைப் பொருளைக்கூடக் கரி பிடித்துவிடும், வெளியே வரும் வாயுவுக்கு வாடையே இருக்காது. அதனால் வண்டித் தொட்டிக்கு முன்னால் காவலுக்கு ஒரு சின்னக் கரிப் படுகை வைப்பார்கள்.

ஆக உங்களுக்கு நீரில் கழுவும் கோபுரம், சல்பைடு வடிகட்டி, உலர்த்தி, எரிவாயுவுக்கென்று செய்த கம்ப்ரசர், சோதித்த தொட்டி, நாக்பூர் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் அனுமதி எல்லாம் வேண்டும். தினம் 850 கிராமுக்கு இது தாங்காது. 12 மாட்டுக்கு வேண்டாம். பெரிய கோழிப்பண்ணை, சர்க்கரை ஆலைக் கழிவு, ஊர்ப் பால் சங்கம் என்று எங்கே ஏற்கெனவே வாயுவைச் சுத்தம் செய்கிறார்களோ அங்கே இந்தக் கணக்கை மறுபடி போடலாம்.

#23 சிலாபம்_தென்னை

அழுத்தமே வேண்டாம், 1 பாரில் கரிக்குள் 12 மடங்கு நிற்கிறது என்றீர்களே. சாண வாயுவைச் சேர்த்து வைக்கும் பலூனுக்குப் பதிலாக ஒரு பீப்பாய் காபன் வைத்தால்?

#24 நுண்துளை

நல்ல கேள்வி. நிற்கும், ஆனால் வெளியே வராது. வர வைக்க வெற்றிடம் இழுக்க வேண்டும், அல்லது கரியைச் சூடாக்க வேண்டும். பலூன் ஒரு சின்னப் பாரம் வைத்தாலே கொடுத்துவிடும்.

ஐயா, உங்களுக்கு நான் சொல்வது இது. மிஞ்சும் 2 கனமீட்டருக்கு ஒரு பலூன் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்குக் குழாய் போடலாம், தீவனம் வேகவைக்கலாம். எதுவும் முடியாத நாளில் சும்மா விடாமல் பாதுகாப்பாக எரித்தாவது விடுங்கள். 100 ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடை விடச் சுமார் 28 மடங்கு வெப்பமேற்றும்.

தொட்டிக்கரிக்கு உங்கள் வீட்டில் வேறு வேலை இருக்கிறது. அடுப்புக்குப் போகும் குழாயில் ஒரு கரிக் குடுவை வைத்தால் சல்பைடைப் பிடிக்கும். காரம் ஊறவைத்த கரி என்றால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். பர்னர் அரிப்பதும் வாடையும் குறையும். பெரிய ஆலைகளில் சாண வாயுவிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரிக்கவும் கரியில் ஒரு வகையைத்தான் வைக்கிறார்கள்.

#25 தொழுவம்_தாராபுரம்

மனசுக்குத் தெளிவாகிவிட்டது அம்மா. பலூனுக்கு விசாரிக்கிறேன். பக்கத்து வீட்டு அடுப்புக்கு 40 அடிக் குழாய் போதும். சிலிண்டர் யோசனையை விட்டுவிட்டேன், கம்ப்ரசர் தம்பிக்கும் நன்றி. கரி அண்ணனிடம் அந்தக் குடுவைக்கு 2 கிலோ வாங்கிக்கொள்கிறேன்.

#26 தொட்டிக்கரி_18வருடம்

2 கிலோவுக்கு விலை வேண்டாம் ஐயா, வாங்கிக்கொண்டு போங்கள்.

மேடம், லிட்டர் கணக்கு என்று நீங்கள் சொன்னதிலிருந்து ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. கில்னில் இருந்து நேரம் முடியும் முன்னே எடுத்த சரக்கு கொஞ்சம் இருக்கிறது. அயோடின் 750தான் வந்தது, அதனால் யாரும் வாங்கவில்லை. ஆனால் அடர்த்தி 0.58. அது உங்கள் ஆய்வகத்துக்கு உதவுமா? 1000 சரக்கும் அதுவும், இரண்டு மெஷ் கலந்தது ஒன்றும் அனுப்பி வைக்கட்டுமா?

#27 நுண்துளை

கட்டாயம் அனுப்புங்கள் அண்ணா. ஒவ்வொன்றிலும் 100 கிராம் போதும், கலந்ததில் மட்டும் அரை கிலோ. அடுப்பில் உலர்த்தி, சூடு ஆறுவதற்குள் இறுக மூடும் டப்பாவில் போட்டுவிடுங்கள். சாக்கில் கட்டினால் வழியிலேயே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கில்னில் இருந்த நேரத்தையும் டப்பா மேல் எழுதுங்கள். 1, 10, 35 பார் மூன்றிலும் ஏற்றி இறக்கி, வந்த எண்களை இந்த இழையிலேயே போடுகிறேன்.

#28 தொட்டிக்கரி_18வருடம்

திங்கட்கிழமை பார்சல் கிளம்பும். நாலு டப்பா.

#29 நுண்துளை

நாலாவது?

#30 தொட்டிக்கரி_18வருடம்

750ஐயே இரண்டு மெஷ் கலந்தது.

#31 நுண்துளை

அதைத்தான் முதலில் போடுவேன்.